முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
8 ஜூலை 2024

சிவமயம்

நாத்தனார் சங்கரிக்கு அண்ணி தையல்நாயகி எழுதுவது. உன் அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கீர்த்தி பிளஸ் ஒன் சேர்ந்துவிட்டாள். நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். புனேயில் ஏசி அறைக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸப்பில் என்னை நீ பிளாக் செய்து மூன்று மாதமாகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரலைக் கேட்டதும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. நல்லவேளையாக நீ அனுப்பிய கேனின் அட்டைப்பெட்டியில் உன் விலாசம் இருந்தது. தபாலை பிளாக் செய்ய முடியாதல்லவா?

நடந்ததை நீ உனக்குத் தோன்றியபடி உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஆகவே நடந்தபடி எழுதுகிறேன். பங்குனி உற்சவத்தில் சுவாமி நம் தெருவைத் தாண்டியதும், நடுத்தெருவில் முதல் பாவை நீட்டிக் கஞ்சி போடுவது உங்கள் வீட்டு உரிமை. அம்மன் சேலைக்கு நெடுக்கே ஓடும் பட்டு நூல் அந்தப் பாவு. நூல் முறுகாமலிருக்கக் கஞ்சியில் எண்ணெய் விடுவோம். எண்ணெய் மேலே மிதக்கும், கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், கை ஓய்ந்தால் பட்டில் திட்டு விழும். பதினெட்டு வருஷமாக அந்தக் கஞ்சி என் கையால்தான். நீ, "கிண்டவே வேணாம் அண்ணி, இதுல எண்ணெயும் தண்ணியும் பிரியவே பிரியாது" என்று ஐந்து லிட்டர் கேன் அனுப்பினாய். தேங்காய்ப்பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. உன் பேச்சைக் கேட்டேன், கிண்டவில்லை.

பாவு முழுக்க ரூபாய் நாணயம் அகலத்துக்கு எண்ணெய்த் திட்டு. தெருவே சுற்றி நிற்கிறது. பெரியவர் திருஞானசம்பந்தம், "யாரு கை பட்டுச்சு?" என்று கேட்டார். உன் அண்ணன் யோசிக்கக்கூட இல்லை. "இவதான். தலைக்கு எண்ணெய் வச்சிக்கினு வந்து கஞ்சியைத் தொட்டுட்டா" என்றார். அத்தனை பேர் நடுவில்.

அன்று நான் தலைக்குக் குளித்திருந்தேன். கூந்தலில் ஈரம்கூடக் காயவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் பாவையும் நான் தொடக் கூடாதென்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் பாவு உரிமையில் நமக்கு அடுத்தவரான சிட்டிபாபுவின் மனைவி ஜோதிகா வந்து நம் வீட்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சுகிறாள். நான் அவளுக்குக் காபி போட்டுக் கொடுக்கிறேன்.

எனக்கு வேண்டியது ஒரே தாள். கோளாறு உன் சரக்கில், என் கையில் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்த பங்குனிக்கு முன் பெரியவர்கள் முன்னால் வைப்பேன். பதிலை வீட்டுக்கே போடு. ஒளிக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

தையல்நாயகி

*

புனே
29 ஜூலை 2024

அண்ணிக்கு வணக்கம். கடிதம் வந்தது. நான் நலம். அண்ணனை மாத்திரை தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கீர்த்திக்கு என் வாழ்த்து.

நீங்கள் கேட்கும் தாளை நான் தர முடியாது. அந்தக் கலவை எங்கள் ஆய்வகத்தில் எட்டு மாதம் அலமாரியில் நின்றது. ஒரு சொட்டு எண்ணெய் பிரியவில்லை. என் கையெழுத்துக்கு இங்கே ஒரு மதிப்பு இருக்கிறது. தெருச் சண்டைக்கெல்லாம் அதைப் போட்டுக் கொடுக்க முடியாது.

எண்ணெய் வேறு எங்கிருந்தாவது வந்திருக்கலாம். கஞ்சிச் சட்டியில் பழைய பிசுக்கு ஒட்டியிருந்திருக்கலாம். நீங்கள் சட்டி தேய்க்கும் அழகு எனக்குத் தெரியாததா? எம்.எஸ்ஸி. படித்த இரண்டு வருஷமும் உங்கள் சமையலைத்தானே சாப்பிட்டேன்.

கை வலிக்கக் கிண்டுகிறீர்களே என்று பாவப்பட்டு அனுப்பினேன். அது என் தப்பு. அந்தத் தப்பை வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய கதையைக் கிளறி அண்ணனின் மனதைக் கெடுக்காதீர்கள். அவருக்கு நிம்மதி வேண்டும்.

சங்கரி

*

பிள்ளையார்பாளையம்
5 ஆகஸ்ட் 2024

சிவமயம்

சங்கரிக்கு. இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

என் சமையலைச் சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறதே, சந்தோஷம். ஐந்தரை மணிக்கு எழுந்து உனக்கு டிபன் கட்டியது யார் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். தலையைப் பின்னக்கூட நேரமில்லாமல் பஸ்ஸுக்கு ஓடுவாய், நான் பின்னாலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடி வருவேன். அந்த டப்பாவில் பிசுக்கு இருந்ததா? இருந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

உன் அண்ணனுக்கு நிம்மதி வேண்டுமாம். அவருக்கு என்ன நிம்மதிக் குறைச்சல்? தினமும் ஒன்பது மணி வரை தூங்குகிறார். தெருவில் நான் நடந்து போனால், நீட்டிய பாவுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்கள், "அக்கா, கொஞ்சம் அந்தாண்ட தள்ளிப் போக்கா" என்கிறார்கள். அவருக்கு அப்படி யாரும் சொல்வதில்லை.

தாள் தர மாட்டாய், சரி. இதையாவது சொல். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பது குழந்தைக்கும் தெரியும். உன் கேனில் மட்டும் எப்படிச் சேர்ந்து நின்றது? எது பிடித்து நிறுத்தியது? எனக்குப் புரியாது என்று பூசி மெழுகாதே. பிளஸ் டூவில் வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றெழுபத்தெட்டு வாங்கியவள் நான். மேலே படிக்க வைக்காமல் கட்டிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தையல்நாயகி

*

புனே
1 செப்டம்பர் 2024

அண்ணிக்கு. நலம். கேட்டீர்கள், எழுதுகிறேன். இதோடு விடுங்கள்.

எண்ணெயைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் சின்னச் சின்னத் துளிகளாக உடையும். சும்மா விட்டால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி மேலே வந்துவிடும். சோப்புப் போட்டால் கொஞ்ச நேரம் ஒட்டாமல் நிற்கும். நாங்கள் சோப்புக்குப் பதில் மைக்ரோஜெல் என்ற துகள்களைப் போடுகிறோம். ஊறவைத்த ஜவ்வரிசி உப்பி வழவழவென்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு தலைமுடியின் குறுக்கே நூறு துகளை வரிசையாக வைக்கலாம்.

இந்தத் துகள்கள் எண்ணெய்த் துளியின் மேல் போய் உட்காரும். மணல்போலக் கெட்டியாக இருந்தால் உருண்டையாகவே நிற்கும், நடுவில் இடைவெளி விழும். இவை மென்மையானவை என்பதால் அழுந்திப் பரவும். ஓரங்கள் பக்கத்துத் துகளின் ஓரத்தோடு பின்னிக்கொள்ளும். துளியைச் சுற்றி ஒரு சட்டை போட்ட மாதிரி. இரண்டு துளி மோதினாலும் சட்டையும் சட்டையும்தான் உரசும், எண்ணெயும் எண்ணெயும் தொடாது. அதனால் பிரியாது.

பதினொரு வருஷம் இதில்தான் வேலை செய்கிறேன். உங்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்பதற்காக இது மாறிவிடாது.

சங்கரி

*

பிள்ளையார்பாளையம்
14 அக்டோபர் 2024

சிவமயம்

சங்கரிக்கு. வீட்டில் எல்லோருக்கும் நலம். எனக்கு மட்டும் ஆறு வாரமாகத் தூக்கம் குறைவு. காரணத்தை எழுதுகிறேன்.

உன் கேனில் பாதி மீந்திருந்தது. உன் அண்ணன் சாக்கடையில் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றவில்லை. பழைய தறிக்குழிக்குள் குளிர்ச்சியாக இருக்கும், அங்கே இறக்கி வைத்தேன். இப்போதும் பால் மாதிரிதான் இருக்கிறது. அப்படியானால் அன்றைக்கு மட்டும் ஏன் பிரிந்தது?

முதலில் சட்டி. தேய்க்காத சட்டியில் ஊற்றினேன், பிரியவில்லை. அடுத்தது கை. தலைக்கு வைக்கிற எண்ணெயை இரண்டு கையிலும் முழங்கை வரை பூசிக்கொண்டு உன் பாலுக்குள் விட்டு அளைந்தேன். என் கைதான் வழவழத்தது, பால் அப்படியே இருந்தது. ஆறிய கஞ்சியோடு கலந்து பார்த்தேன். உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு நாள் ஒரு டம்ளரை மொட்டைமாடியில் மறந்து வைத்துவிட்டு மத்தியானம் போய்ப் பார்த்தால் எண்ணெய் தனி, தண்ணீர் தனி.

சாயப்பட்டறை அருளிடம் போய், சாயத் தண்ணீரின் சூடு பார்க்கிற தெர்மாமீட்டரை வாங்கி வந்தேன். "இன்னாத்துக்குக்கா?" என்றான். "ஆராய்ச்சி" என்றேன். சிரித்தான். டம்ளரை வெந்நீர்ச் சட்டியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினேன். இருபத்தேழில் பால். இருபத்தொன்பதில் பால். முப்பத்தொன்றில் பால். முப்பத்திரண்டைத் தாண்டியதும் ஓரத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. முப்பத்தைந்தில் எண்ணெய் மொத்தமாக மேலே வந்துவிட்டது. ஆற வைத்தேன், தானாகச் சேரவில்லை. மூடி குலுக்கினேன், மறுபடியும் பால். இப்படிப் பதினொரு தடவை செய்தேன். பதினொரு தடவையும் அதே இடத்தில்தான் பிரிந்தது. கீர்த்தியின் ரஃப் நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன்.

மற்ற நாளெல்லாம் நாம் விடிவதற்கு முன் பாவை நீட்டி, வெயில் வருமுன் சுருட்டிவிடுவோம். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், முதல் பாவு அன்றுதான், சுவாமி தாண்டும் வரை காத்திருக்கிறோம். போன பங்குனியில் அவர் தாண்டும்போது பத்து மணி. தெருவில் கால் வைக்க முடியாத வெயில். நீ அந்தத் தெருவில் பிறந்தவள், அந்த வீட்டுப் பெண்.

உன் சட்டை சூட்டில் கழன்றுவிடும் என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

தையல்நாயகி

*

புனே
26 டிசம்பர் 2024

அண்ணிக்கு. இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு வேலைதான் காரணம் என்று எழுதலாம். நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

தெரியும்.

தெரிந்துதான் அந்தத் துகளைத் தேர்ந்தெடுத்தேன். சூடு முப்பத்திரண்டைத் தாண்டினால் அது குடித்து வைத்திருந்த தண்ணீரை வெளியே விட்டுச் சுருங்கும், பக்கத்துத் துகளை விட்டுவிடும், எண்ணெய் வெளியே வரும். அது குறையில்லை, அதுதான் அதன் குணம். நெய்து முடித்த சேலையை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினாலே எண்ணெய் கழன்று வந்துவிட வேண்டும், சோப்புப் போட்டுப் பட்டின் மினுக்கைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். பாவு எப்போதும் விடியலில்தானே போடுகிறோம், வெயில் எங்கே வரப் போகிறது என்று இருந்துவிட்டேன். முதல் பாவு நாள் என் புத்தியில் வரவே இல்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வெட்கத்தை உங்கள் முன்னால் காட்டுவது அதைவிடக் கேவலமாக இருக்கிறது.

அந்தக் கேனை நான் அனுமதி வாங்காமல் ஆய்வகத்திலிருந்து எடுத்து அனுப்பினேன். தாள் எழுதிக் கொடுத்து, அது யார் போனிலாவது படமாகிச் சுற்றினால் என் வேலை போய்விடும். அதனால் தர முடியாது.

ஆனால் ஒன்று. எச்சரிக்காமல் உங்கள் தலையில் கட்டிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். வெயில் படக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

சங்கரி

*

பிள்ளையார்பாளையம்
3 ஜனவரி 2025

சிவமயம்

சங்கரிக்கு. புத்தாண்டு, பொங்கல் எதற்கும் வாழ்த்துச் சொல்கிற மனநிலையில் நான் இல்லை.

சொல்லித்தான் அனுப்பினேன் என்கிறாய். யாரிடம் சொன்னாய்?

என்னிடம் சொல்லவில்லை. கேன் வந்த அன்று நீ என்னோடு பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். "குலுக்கிட்டு ஊத்துங்க அண்ணி, அவ்ளோதான்" என்றாய். வெயில் என்ற சொல்லே வரவில்லை. இந்த வீட்டில் உன்னோடு பேசுகிறவர்கள் மூன்று பேர். கீர்த்தியைக் கேட்டேன். "அத்தை எங்கிட்ட ஒண்ணும் சொல்லலமா" என்றாள். அவள் பொய் சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது ஆளை நான் இன்னும் கேட்கவில்லை.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். அன்று காலை மேளம் தெருமுனைக்கு வந்தபோது அவர் மூன்று தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். "வெயில் ஏறிக்கினே இருக்குதே" என்றார். நான் சுவாமி தூக்குகிறவர்களுக்காகப் பரிதாபப்படுகிறார் என்று நினைத்து நீர்மோர் கரைக்கப் போனேன். எப்படிப்பட்ட முட்டாள் பார்.

நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அவருக்கு உன் போன் வருகிறது. மாடிக்குப் போய்ப் பேசிவிட்டு இறங்குகிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை. அண்ணனும் தங்கையும் சேர்ந்து எத்தனை மாதம் என் காதில் பூ சுற்றுவீர்கள்?

அவரைக் கேட்டால் ஒரு பொய் சொல்வார். அதன் பிறகு அந்தப் பொய்யோடு நான் குடும்பம் நடத்த வேண்டும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். பெயரை எழுது.

தையல்நாயகி

*

காஞ்சிபுரம்
11 பிப்ரவரி 2025

அன்புள்ள தங்கை சங்கரிக்கு அண்ணன் ஆனந்தகுமார் எழுதிக்கொள்வது. நலம். நீ நலமா? ஒரு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வேறு வழி தெரியவில்லை, எழுதுகிறேன்.

இனிமேல் அண்ணிக்குப் பதில் எழுதாதே. நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதமும் என் கழுத்தைச் சுற்றுகிறது. நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. "முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல போனா பிரிஞ்சிடும் அண்ணா, விடியறதுக்குள்ள முடிச்சிடு" என்று நீ சொன்னாய். சரி என்றேன், மறந்துவிட்டேன். அன்று கஞ்சி கலந்து முடித்து, சுவாமி தெருவுக்குள் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் சிட்டிபாபுவின் பாவு முதலில் நீண்டிருக்கும். அப்பா காலத்திலிருந்து வந்த உரிமை என் கையில் போக வேண்டுமா? கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நீட்டினேன்.

பெரியவர் கேட்டதும் வாய் குழறிவிட்டது. அவள் பக்கத்தில் நின்றாள், அவளைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி தானே, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது? இப்போது போய் மாற்றிச் சொன்னால் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?

முடிந்தால் பழி மொத்தமும் உன்னுடையது என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிடு. நீ புனேயில் இருக்கிறாய், உன்னை யார் என்ன கேட்கப் போகிறார்கள்? இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

ஆனந்தகுமார்

*

புனே
10 மார்ச் 2025

அண்ணிக்கு. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், உங்கள் கையில் மட்டும்தான் கொடுப்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

உறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று, நீங்கள் ஜூலையில் கேட்டது. கலவை என்னுடையது, அது வெயிலில் பிரியக்கூடியது, திட்டுக்குத் தையல்நாயகியின் கை காரணமல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். யாரிடம் எச்சரித்தேன் என்று அதில் இல்லை. இன்னொன்று, எனக்கு வந்த ஒரு கடிதம். கிழிக்கச் சொல்லியிருந்தது. மூன்று வாரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், கிழிக்க முடியவில்லை.

எதைக் காட்ட வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அப்பா போன பிறகு எனக்கு எல்லாம் செய்தவர் அண்ணன். அவரைக் காட்டிக்கொடுக்கவும் மனம் இல்லை, மறைக்கவும் மனம் இல்லை. போன வாரம் இங்கே இயக்குநரிடம் கேன் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். விசாரணை இருக்கிறது. அது உங்கள் கவலை அல்ல.

உங்களை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பதினொரு தடவை செய்ததை நான் மூன்று தடவை செய்துவிட்டுப் போதும் என்று நிறுத்தியவள். அதுதான் ரொம்ப எரிச்சலாக இருக்கிறது.

சங்கரி

*

பிள்ளையார்பாளையம்
12 ஏப்ரல் 2025

சிவமயம்

சங்கரிக்கு. உன் விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டேன். வேலை போயிருந்தால் எழுது, போகாவிட்டாலும் எழுது.

இரண்டையும் ஒரே உறையில் போட்டு முடிவை என் தலையில் கட்டிவிட்டாய். கெட்டிக்காரி. அவர் எழுதியதை நான் மூன்று நாள் முழுதாகப் படிக்கவில்லை. பக்கத்தில் நின்றாள், அவளைச் சொல்லிவிட்டேன் என்ற இடத்தில் நின்றுவிடுவேன், மறுபடி மேலேயிருந்து தொடங்குவேன். பதினெட்டு வருஷம் பக்கத்தில் நின்றதற்கு அதுதான் பலன்.

முதலில் உன் தாளை மட்டும் அவர் முன்னால் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இடது கையால் எடுத்து இரண்டு தடவை படித்தார். "பாத்தியா, எப்படி எழுதிக் குடுத்துக்கிறா. இனிமே உன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாதுமா" என்றார். நான் கரண்டியோடு அப்படியே நின்றேன். அந்த நேரத்தில் அவர் வாயைத் திறந்து உண்மையில் பாதியைச் சொல்லியிருந்தாலும், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். அவர், "ரசம் ஊத்து" என்றார்.

ஊற்றினேன்.

பெரியவர்கள் கூடினார்கள். உன் தாளைக் கீர்த்திதான் படித்தாள். திருஞானசம்பந்தம், "அந்தப் பொண்ணு மேல பழி போட்டது தப்புப்பா, கஞ்சி அது கையாலயே நடக்கட்டும்" என்றார். ஜோதிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷம் அவள் காய்ச்சிய கஞ்சி ஒரு நாளும் பதமாக இல்லை, ஆனாலும் அழுதது நிஜம்தான். உன் அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவரைப் பார்த்தால் என்னவோ எனக்காக வழக்காடி ஜெயித்தவர் மாதிரி இருந்தது.

உற்சவத்தன்று சுவாமி நம் தெருவைத் தாண்டும்போது ஒன்பதே முக்கால். உன் சரக்கை நான் தொடவில்லை. அது நல்ல சரக்குதான், மார்கழியில் விடியலில் ஒரு முழத் துணிக்கு வைத்துப் பார்த்தேன், வெந்நீரில் சுத்தமாகக் கழன்றது. ஆனால் அன்றைக்கு அது ஆகாது. தேங்காய் எண்ணெயை விட்டு, தோள்பட்டை கழன்றுவிடும் போலக் கிண்டினேன். பாவு நீண்டது. முதல் பாவுக்கு ஒரு பக்கம்தான் தரையில் அடித்த முளை, இன்னொரு பக்கம் வீட்டுக்காரர் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நூல் உலரும் வரை பிடித்து நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். தளர்ந்தால் ஈர நூல் ஒன்றோடொன்று ஒட்டி அத்தனையும் வீண். உன் அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு நின்றார்.

நான் கஞ்சியை அடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். கடிதத்தைப் பிரித்தேன். தன் கையெழுத்தை அவர் பார்த்துவிட்டார். "உள்ள போயி பேசிக்கலாம்மா, வா" என்றார் மெதுவாக. அவர் எங்கே வருவது? கயிறு இடுப்பில் இருக்கிறதே.

அன்புள்ள தங்கை என்பதிலிருந்து கிழித்துப் போட்டுவிடு என்பது வரை, தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தேன். முளைப் பக்கம் நின்ற சிட்டிபாபு, "ஆனந்தா, தொய்யுதுபா, இழுத்துப் புடி" என்றார். இழுத்துப் பிடித்தார். முக்கால் மணி நேரம் வெயிலில் அப்படியே நின்றார், நானும் அவர் பக்கத்திலேயே நின்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்படி எழுதுவது தப்பென்றால் தப்பாகவே இருக்கட்டும்.

பாவைச் சுருட்டிய பிறகு வீட்டுக்குள் வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "வூட்ல வச்சி கேட்டிருக்கக் கூடாதா? எதுக்கு அத்தினி பேர் முன்னாடி, நடுத்தெருவுல?"

"நீங்க என்னை எங்க வச்சி சொன்னீங்க?" என்று கேட்டேன்.



தையல்நாயகி